ஒரே அடுப்பு, ஒரே வீடு

டயர் கடைக்கு மேலே அந்த மாடி. படியேறும்போதே ரப்பர் வாடை மூக்கைப் பிடிக்கும். மேலே நான்கு அறை, ஆறு மேசை, கூரை முட்ட சர்வே ஃபாரக் கட்டுகள். வாசல் பலகையில் ‘வறுமை ஆய்வு மையம்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். கட்சிக்காரர்களும் அமைச்சரின் ஆட்களும் வந்து போகிற இடம். சட்டசபையில் யார் எழுந்து ஏழைகளுக்காகத் தொண்டை கிழியப் பேசினாலும், முதலில் அவருக்கு எத்தனை ஏழைகள் என்று ஒரு எண் வேண்டுமே. அந்த எண் இந்த மாடியிலிருந்துதான் போகும். அது மாடிக்கு எப்படி வந்தது என்று மட்டும் ஒரு மகாராசனும் கேட்டதில்லை.

நடந்துதான் வந்தது. ஃபாரக்காரியின் காலில் நடந்து வந்தது. பத்தொன்பது வருஷமாக வீடு வீடாக ஏறி இறங்கியதில் தெருக்களில் அவளுக்கு விழுந்த பெயர் அது. இப்போது அவள் களத்துக்குத் தலைமை. கீழே பன்னிரண்டு பேர். ஆனாலும் மழைக்காலத்தில் எழுதுகிற அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் எப்படிச் சுற்ற வேண்டும், பேனாவை நூலில் கட்டி எப்படிக் கழுத்தில் மாட்ட வேண்டும், நாய் இருக்கிற வீட்டில் எந்தப் பக்கமாக நிற்க வேண்டும் என்பதெல்லாம் அவள் சொல்லிக் கொடுத்தால்தான் உண்டு. கூரையைப் பற்றிக் கேட்காதே, நிமிர்ந்து பார். உட்காரச் சொன்னால் உட்கார். தண்ணீர் கொடுத்தால் குடி, முகத்தைச் சுளிக்காதே. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி. அதை மட்டும் பன்னிரண்டு பேரையும் மூன்று தடவை சொல்லச் சொல்லிக் காதாரக் கேட்பாள்.

“ஒரே அடுப்புல சாப்பிட்டா ஒரே வீடு. அண்ணன் தம்பியா, அக்கா தங்கச்சியா, பேசிக்கிறாங்களா, அடிச்சுக்கிறாங்களா, அதெல்லாம் நம்ம தலைவலி இல்ல. அடுப்பப் பாரு, எண்ணு, கிளம்பு.”

மீதிக் கேள்விகள் எல்லாம் பாயிண்ட் கணக்கு. சம்பாதிக்கிறவர் எத்தனை பேர், படுக்க எத்தனை அறை, போன் எத்தனை, ஃபேன் எத்தனை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பாயிண்ட், மொத்தம் எட்டைத் தாண்டினால் அந்த வீடு ஏழை வீடு இல்லை. அவ்வளவுதான் சங்கதி.

அந்த வருஷம் மழை பிடித்த பிடியில் விடவில்லை. நூற்பாலை மூடி எட்டு மாதம். கட்டட வேலையும் படுத்துவிட்டது. பன்னிரண்டு பேரும் நனைந்து, சளி பிடித்து, இருமிக்கொண்டே நாலாயிரம் வீடுகளை எழுதி முடித்தார்கள். திங்கட்கிழமை காலையில், ஃபாரங்களைக் கூட்டிப் பார்க்கிற கணக்குப் பெண் கம்ப்யூட்டரை விட்டுத் துள்ளிக்கொண்டு எழுந்தாள்.

“சார்! ஏழை வீடு பாதியாக் குறைஞ்சிருக்கு சார்!”

மையத்தின் டைரக்டர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு ஓடி வந்தார். ஒரு காலத்தில் இதே தெருக்களில் ஏழைகளுக்காக மெகாஃபோனைத் தூக்கிக்கொண்டு கத்தினவர். ஆஸ்துமா வந்து கத்த முடியாமல் போனபிறகு எழுத உட்கார்ந்தவர். திரையைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை ஃபாரக்காரி பார்த்துப் பல வருஷம் ஆகிறது.

“அமைச்சர் ஆபீஸ்ல ஆறு மாசமா உயிர வாங்கறாங்க, நல்ல செய்தியே வராதான்னு. வியாழக்கிழமை அவரு கூட்டத்துல அறிவிச்சுடலாம். நீ கட்டு மேல கையெழுத்துப் போட்டுடும்மா, புதன்கிழமை மத்தியானம் ஃபைல் போகணும்.”

கீழேயிருந்து டீயும் கேக்கும் வந்தது. எல்லோரும் தின்றார்கள். ஃபாரக்காரியும் தின்றாள். ஏழைகள் பாதியாகக் குறைந்தால் யாருக்குத்தான் கசக்கும்?

ஆனால் புரட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. மூலையில் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டாகப் பிரித்தாள். நாலாவது கட்டில் அவளுடைய தெரு வந்தது. சொந்தத் தெருவை யாரும் எழுதக் கூடாது என்பது மையத்தின் சட்டம், அதனால் வேறு ஒரு பெண் எழுதியிருந்தாள். கதவு எண்ணைப் பார்த்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளுடைய வீடு.

ஆட்கள் ஏழு. அடுப்பு ஒன்று. சம்பாதிக்கிறவர் மூன்று. அறை மூன்று. போன் நாலு. ஃபேன் இரண்டு. மொத்தம் பன்னிரண்டு பாயிண்ட். ஏழை இல்லை.

முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடியாத்தே, நமக்கே தெரியாமல் நாம் பணக்காரி ஆகிவிட்டோமே என்று நினைத்தாள். அடுத்த நிமிஷம் கணக்கு வேறு மாதிரி ஓடியது. ஏழை இல்லை என்றால் மருந்து அட்டை இல்லை. அட்டை இல்லை என்றால் அவள் புருஷனுக்குப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை முதுகில் போடுகிற ஊசி இல்லை. பெயின்டராக இருந்த மனிதர். போன வருஷம் மூன்றாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்தவர். அந்த ஊசி இருக்கிறவரைக்கும் எழுந்து நடப்பார். அது நின்றுபோனால் படுக்கைதான்.

பெயின்டர் விழுவதற்கு முன்னால் அந்த வீட்டில் இரண்டு அடுப்பு இருந்தது. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. இந்தப் பக்கம் பெயின்டர் குடும்பம், அந்தப் பக்கம் தம்பி குடும்பம். தம்பி லோடு ஏற்றுகிறவன். அவன் பெண்டாட்டி, வீட்டுக்குச் சின்னவள், துணி தைப்பாள். ஓரகத்திகள் இரண்டு பேருக்கும் அப்போது ஏழாம் பொருத்தம். துணி காயப் போடுகிற கயிற்றுக்காக மூன்று மாதம் பேசாமல் இருந்தவர்கள். பெயின்டர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம் இந்தப் பக்கம் சிலிண்டர் தீர்ந்து போனது. அன்றைக்குச் சின்னவள் ஒரு வார்த்தை சொல்லாமல் சோற்றுப் பானையோடு தடுப்பைத் தாண்டி வந்து, “தட்ட எடுங்க” என்றாள். அதற்கப்புறம் தனிச்சமையல் கிடையாது. பலகையைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டார்கள்.

இது ஒரு வீட்டின் கதை. ஃபாரக்காரி தெருவின் மற்ற ஃபாரங்களையும் விரித்தாள். ஆட்கள் எட்டு, அடுப்பு ஒன்று. ஆட்கள் பதினொன்று, அடுப்பு ஒன்று. போன சர்வேயில் அந்தத் தெருவில் அறுபத்திரண்டு வீடு. இந்தத் தடவை முப்பத்தொன்பது. ஒரு சுவர்கூட இடியவில்லை, ஒரு குடும்பம்கூடக் காலி செய்யவில்லை. இருபத்துமூன்று வீட்டை எந்தப் பூதம் விழுங்கியது? பூதம் ஒன்றும் இல்லை, அவளேதான். அடுப்பைப் பாரு, எண்ணு, கிளம்பு என்று பாடம் நடத்தினவள் அவள்தானே.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது சின்னவள் தரையில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கூரை ஒழுகுகிற இடத்தில் வாளி. பெயின்டர் சுவரில் சாய்ந்து பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொழுந்தன் அப்போதுதான் வந்து தலையைத் துவட்டினான். ஃபாரக்காரி செருப்பைக் கழற்றும்போதே குண்டைத் தூக்கிப் போட்டாள்.

“நம்ம வீட்டுக்கு வந்த சர்வே பொண்ணுக்குப் பதில் சொன்னது யாரு?”

“நாந்தான்க்கா. பாவம், தொப்பலா நனைஞ்சு வந்துச்சு. டீ போட்டுக் குடுத்தேன். ஏன்?”

“என்ன கேட்டா, என்ன சொன்ன?”

“எத்தன அடுப்புன்னு கேட்டுச்சு. ஒண்ணே ஒண்ணுதாம்மா, ரெண்டு குடும்பமும் அவ்வளவு ஒத்துமைன்னு சொன்னேன். பொய்யா சொன்னேன்?”

“நெசத்தத்தான் சொன்ன. அதனால மாமாவோட அட்டை போகப்போகுது.”

கத்தி நின்றது. ஃபாரக்காரி பாயிண்ட் கணக்கைச் சொன்னாள். இரண்டு வீட்டு போன், இரண்டு வீட்டு ஃபேன், இரண்டு வீட்டுச் சம்பளம் எல்லாவற்றையும் அள்ளி ஒரே வீட்டின் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்று சொன்னாள். அந்த விதியைச் சொல்லிக் கொடுத்தது தான்தான் என்பதையும் மென்று முழுங்காமல் சொன்னாள்.

கொழுந்தன் துண்டைத் தோளில் போட்டான். “ஏன் அண்ணி, அடுப்பு ஒண்ணானா பாக்கெட்டும் ரொம்பிடுமா? எந்தப் புத்திசாலி எழுதின சட்டம் இது?”

“எங்க சார் எழுதினது. இருவது வருஷம் முன்னாடி. அப்பல்லாம் கூட்டுக் குடும்பம்னா நெலபுலம் உள்ளவங்க. அத வெச்சு எழுதினாரு.”

“இப்ப சிலிண்டருக்கு வழியில்லாதவங்கதான கூட்டுக் குடும்பம்!”

சின்னவள் கத்தியைத் தட்டில் வைத்தாள். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். வெங்காயம்தான் காரணமா என்று யாரும் கேட்கவில்லை.

“அப்ப பிரிச்சிடலாம்க்கா.”

“என்னத்த?”

“அடுப்பத்தான். பலகைய எடுத்து மறுபடி அடிச்சிடலாம். நான் அந்தப் பக்கம் விறகு வெச்சு ஏதோ பொங்கிக்கறேன். அந்தப் பொண்ண நாளைக்கு மறுபடி வரச் சொல்லுங்க. ரெண்டு அடுப்புன்னு எழுதட்டும். மாமா முதுகு முக்கியமா, நாம சேந்து திங்கறது முக்கியமா?”

“மழைல விறகுக்கு எங்கடி போவ? கைக்குழந்தைய வெச்சுக்கிட்டு அந்தப் பொகைல உக்காருவியா?”

“ஏதோ செய்யறேன்.”

“ஒண்ணும் கிழிக்க வேண்டாம்.” ஃபாரக்காரிக்குக் குரல் ஏறிவிட்டது. “சிலிண்டர் தீந்து அடுப்பு அணைஞ்சு கெடந்தப்ப சோத்துப் பானையோட தடுப்பத் தாண்டி வந்தவ நீ. அந்தச் சோத்த நான் இல்லைன்னு எழுதித் தரணுமா? ஏழைன்னு ஒத்துக்க வெக்கறதுக்கு ஒரு குடும்பத்தப் பிரியச் சொல்றவன் எவனா இருந்தாலும் அவன்தான் மாறணும். நான் மாற மாட்டேன்.”

பெயின்டர் வீட்டுப்பாட நோட்டை மூடி வைத்தார். மெதுவாகச் சொன்னார். “கையெழுத்து போட மாட்டேன்னு சொன்னா ஒன்ன அனுப்பிடுவாங்க. ஊசி இல்லாம நான் படுத்துக்கறேன். ஒன் சம்பளம் இல்லாம இந்தப் புள்ளைங்க என்ன பண்ணும்? எதுக்கும் யோசிச்சுக்க.”

“யோசிச்சுட்டேன். நம்ம வீட்டுக்காக மட்டும்னா நானே ஒரு நிமிஷம் தடுமாறியிருப்பேன். இருவத்துமூணு வீடுங்க இந்தத் தெருவுல மட்டும். அவங்கள்ளாம் என்னைய நம்பித்தான கதவத் தொறந்தாங்க?”

அன்றைக்கு வெங்காயமும் உருளைக்கிழங்கும் போட்டு ஒரு குழம்பு. சின்னவள் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் பானையைச் சுரண்டினாள். ஃபாரக்காரி தன் தட்டிலிருந்து பாதியை எடுத்து அவள் தட்டில் தள்ளினாள். இது தினமும் நடக்கிற சண்டைதான்.

மறுநாள் காலை கணக்குப் பெண்ணிடம் ஒரு பட்டியல் கேட்டாள். ஒரே அடுப்பு, ஆனால் இரண்டோ அதற்கு மேலோ குடும்பம் இருக்கிற வீடுகள் மட்டும். அந்தப் பெண் திருதிருவென்று முழித்தாள்.

“சாருக்குத் தெரியுமாக்கா?”

“நான் களத்துக்குத் தலைமை. சந்தேகம் வந்த ஃபாரத்த மறுபடி பாக்கலாம்னு சட்டம் இருக்கு. நீ பட்டியல அடிச்சுக் குடு, மீதிய நான் பாத்துக்கறேன்.”

பக்கத்துத் தெருக்களில் மட்டும் நூற்று இருபது வீடு வந்தது. ஒன்றரை நாள்தான் கையில். ஃபாரக்காரி ஒரே ஒரு கேள்வியை எழுதிக்கொண்டு மழையில் இறங்கினாள். உங்கள் அடுப்பு எப்போது ஒன்றானது, எதனால்? பத்தொன்பது வருஷத்தில் ‘எதனால்’ என்று ஒரு கேள்வி அந்த ஃபாரத்தில் இருந்ததே இல்லை.

துணி தேய்க்கிறவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார். “மூணு அண்ணன் தம்பிங்க, ஒரு சிலிண்டர். மாசக் கடைசில அதுவும் காத்துதான். அப்ப இந்தத் தேய்க்கற கரியிலதான் டீ. அத எந்த அடுப்புல சேப்பீங்க?”

பாலத்துக்கு அடியில் இருந்த வீட்டில் இரண்டு சகோதரர்கள். சுவருக்காகக் கோர்ட்டுக்குப் போனவர்கள். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை. ஆனால் ஒரே பானைதான். பெரியவர் எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு வெளியே போனால் சின்னவர் எட்டரைக்கு உள்ளே வருவார். “பேச்சுவார்த்தை இல்லைங்க, சோறு மட்டும் ஒண்ணு” என்று பெரியவர் மனைவி சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஃபாரக்காரியும் சேர்ந்து சிரித்துவிட்டு எழுதிக்கொண்டாள். அடுப்பு ஒன்றானது, ஆலை மூடிய மாதம்.

ஆலையில் நூல் சுற்றிக்கொண்டிருந்த ஒரு பெண், கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு நெடுநேரம் அவளையே பார்த்தாள்.

“போன வாரம் வந்த பொண்ணு உள்ள எட்டிப் பாத்து ஒண்ணுன்னு எழுதிட்டுப் போயிடுச்சு. நான் வீட்டுக்காரர் செத்து, தங்கச்சி வீட்ல வந்து ஒண்டிக்கிட்டு இருக்கேன். ஏன்னு கேட்ட மொத ஆளு நீதான். உள்ள வந்து உக்காரு.”

ஃபாரக்காரி உள்ளே போய் உட்கார்ந்தாள். அந்த வீட்டில் அரை மணி நேரம் போனது. அவசரம்தான், ஆனால் எழுந்திருக்க மனசு வரவில்லை.

புதன்கிழமை மத்தியானம் ஈரக் காலோடு மாடியேறினாள். நூற்று இருபது வீட்டில் நூற்று ஆறு, இந்த ஒரு வருஷத்துக்குள், வயிற்றுப்பாட்டுக்காக அடுப்பை ஒன்றாக்கிய வீடுகள். கணக்குப் பெண் வாங்கித் தட்டினாள். அந்த வீடுகளைப் பழையபடி பிரித்துப் போட்டால் இந்தத் தெருக்களில் ஏழைகள் குறையவே இல்லை. போன தடவையைவிடக் கூடியிருக்கிறார்கள். அவள் திரையை டைரக்டர் பக்கம் திருப்பினாள்.

டைரக்டர் பார்த்தார். மறுபடி பார்த்தார். இன்ஹேலரை எடுத்து இரண்டு தடவை இழுத்தார்.

“இந்த விதிய நாந்தாம்மா எழுதினேன்.”

“தெரியும் சார். நாந்தான் அத எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தேன். ரெண்டு பேரும் சேந்துதான் கவுந்திருக்கோம்.”

“சரி, அடுத்த சர்வேல மாத்திடலாம். அடிக்குறிப்பா ஒண்ணு போட்டு வெப்போம். இன்னிக்கு ஃபைல் போயிடட்டும்.”

“அடிக்குறிப்ப யாரு படிப்பா சார்? அடுத்த வாரமே அட்டைய வாங்கிட்டுப் போயிடுவாங்க.”

“ஃபைல் போகலைன்னா என்ன ஆகும் தெரியுமா? இந்த மையத்துக்கு அவங்கதான் படியளக்கறாங்க. இழுத்து மூடிடுவாங்க. நீ, நான், இந்தப் பொண்ணு, பன்னெண்டு பேரு, எல்லாம் தெருவுல.”

“தெருவுலதான் சார் இருந்தோம். நீங்க மெகாஃபோன் வெச்சிருந்தீங்க, நான் நோட்டீஸ் வெச்சிருந்தேன். அப்ப யாரும் நமக்குப் படியளக்கல.”

அவர் ஏதோ சொல்ல வருவதற்குள் மேசை போன் அடித்தது. அமைச்சரின் செயலாளர். டைரக்டர் எடுத்துக் காதில் வைத்தார். “ஆமாங்க... ரெடிதான்... அதாவது...” என்றார். மூச்சு வாங்கியது. நெற்றி வியர்த்தது. அவர் பொய் சொல்லவும் பழகாதவர், நிஜம் சொல்லவும் தெம்பு போனவர். ஃபாரக்காரிக்கு அவரைப் பார்க்கக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. கையை நீட்டினாள். அவர் ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டு போனைக் கொடுத்துவிட்டார்.

“ஃபைல் ரெடி இல்லைங்க. நாங்க தப்பா எண்ணிட்டோம்.”

“யாரு பேசறது?”

“எண்ணினவ. இந்தத் தெருக்கள்ல ஏழைங்க குறையலைங்க, கூடியிருக்காங்க. மிச்சத் தெருவுலயும் இதே கதையாத்தான் இருக்கும். மறுபடி எண்ணணும். இருவது நாள் ஆகும். அதுவரைக்கும் பழைய லிஸ்ட்தான்.”

“என்ன வெளையாடறீங்களா? நாளைக்கு அமைச்சர் மேடையேறிப் பேசணும்!”

“பேசட்டுங்க. எங்க எண்ணை மட்டும் சொல்ல வேண்டாம். என் கையெழுத்து இல்லாம அது எண்ணே இல்ல. மீறிச் சொன்னாருன்னா, நூத்தியாறு வீட்டுக்காரங்களையும் கூட்டிக்கிட்டு நானே மேடைக்கு முன்னாடி வந்து நிப்பேன். எல்லாரு வீட்டு விலாசமும் எங்கிட்டதான இருக்கு.”

“உங்க டைரக்டர்கிட்ட பேசிக்கறேன்” என்று சொல்லிச் செயலாளர் போனை வைத்தார். கணக்குப் பெண் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். டைரக்டர் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார்.

“உன்ன வேலைய விட்டு எடுக்கச் சொல்லுவாங்கம்மா. இன்னிக்கே சொல்லுவாங்க. நான் என்ன பண்றது?”

“சொல்லட்டும் சார். வாயால சொன்னா ஒத்துக்காதீங்க, எழுத்துல கேளுங்க. ஆர்டர்ல காரணம்னு ஒரு எடம் இருக்கும்ல? அதுல என்ன எழுதறாங்கன்னு நான் பாக்கணும்.”

டைரக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து மையத்தின் முத்திரைக் கட்டையை எடுத்தார். “மறுகணக்குன்னு ஒரு உத்தரவு அடி” என்று கணக்குப் பெண்ணிடம் சொன்னார். “நானே கையெழுத்து போடறேன். அவளுக்கு முன்னாடி என்னைத்தான் அனுப்பணும் அவங்க.”

ஃபாரக்காரி அந்தத் தாளின் மை காயும்வரைகூட நிற்கவில்லை. பன்னிரண்டு பேருக்கும் போன் போட்டு, நாளைக்குக் காலை ஏழு மணிக்கு வரச் சொன்னாள். எதுக்குக்கா, சர்வேதான் முடிஞ்சுதே என்று ஒருத்தி கேட்டாள்.

“முடியல. நான் சொல்லிக் குடுத்தது தப்பு. புதுசா சொல்லித் தர்றேன், வா.”